ஊசி அசையவில்லை

எங்கள் வீட்டு ஹால் ஃபேனுக்குப் போன கோடையில் ஒரு வியாதி வந்தது. சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகும், சுற்றாது. ஒட்டடைக் கம்பால் இறக்கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டால் மெல்லக் கிளம்பும். காலையில் என்னை எழுப்புவதற்கும் வீட்டில் ஏறக்குறைய இதே முறைதான் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மனைவி எடுத்துக்கொண்டாள். "கன்டென்சர் போயிருக்கும், வாங்கிட்டு வாங்க" என்று துரத்தினாள். எலக்ட்ரிக்கல் கடைக் கவுன்ட்டரில் இருந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. "டூ பாயின்ட் ஃபைவா, த்ரீ பாயின்ட் ஒன் ஃபைவா சார்?" என்றான்.

"நல்ல கம்பெனியாப் பார்த்துக் கொடுப்பா."

"கம்பெனி இல்ல சார். எத்தனை எம்.எஃப்.டி.?"

"எம்.எஃப்.டி.யே குடு. நல்ல கம்பெனிதானே?"

பையன் கையில் இருந்த ஒயரைக் கீழே வைத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தான். "சார் என்ன படிச்சிருக்கீங்க?"

"காமர்ஸ்" என்றேன்.

பொய். நான் படித்தது பி.எஸ்ஸி. இயற்பியல். மூன்று வருடப் படிப்பு. அரியர் வைத்து அதை நாலு வருடமாகப் படித்தவன் என்பதால் மற்றவர்களைவிட எனக்கு ஒரு வருட அனுபவம் அதிகம்.

எம்.எஃப்.டி. என்றால் மைக்ரோஃபாரட். ஒரு கன்டென்சர் எவ்வளவு மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் என்று சொல்கிற அலகு ஃபாரட். அந்தப் பெயர் மைக்கேல் ஃபாரடேவிடமிருந்து வந்தது. அவர் பெயரை எழுதி மார்க் வாங்கி டிகிரி வாங்கியவன், கடைத்தெருவில் அவரைப் பார்த்ததும் கம்பெனியா என்று கேட்டிருக்கிறேன்.

அன்று ராத்திரி மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. புது கன்டென்சர் போட்ட ஃபேனின் கீழே உட்கார்ந்து ஃபாரடேவின் வாழ்க்கையைப் படிக்க ஆரம்பித்தேன். பரீட்சை இல்லாமல் நான் படித்த முதல் இயற்பியல் அதுதான். பரீட்சை இருந்தபோது படித்தது எது என்று கேட்காதீர்கள்.

முதல் அத்தியாயத்திலேயே என் பிழைப்பில் மண் விழுந்தது. "எங்க காலத்துல வசதி இல்லம்மா, இருந்திருந்தா அப்பா எங்கேயோ போயிருப்பேன்" என்று மகளிடம் பல வருடமாகச் சொல்லிவருகிறேன். ஃபாரடே பிறந்தது 1791 செப்டம்பர் 22ஆம் தேதி, அன்றைய லண்டனின் ஓரத்தில் இருந்த நியூயிங்டன் பட்ஸ் என்ற இடத்தில். அப்பா கொல்லர், அதிலும் நோயாளி. 1801இல் தானிய விலை ஏறியபோது, பத்து வயதுகூட நிரம்பாத பையனுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டி என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ரொட்டி, ஏழு நாள். நான் ஃபிசிக்ஸ் டியூஷனுக்குப் போகும் வழியில் சாப்பிட்டது நாலு பரோட்டா, ஒரு ஆஃப்பாயில். டியூஷனில் தூங்கியதற்குக் காரணம் வறுமை என்று இனிமேல் சொல்ல முடியாது.

பதின்மூன்று வயதில், பிளாண்ட்ஃபோர்டு தெருவில் ஜார்ஜ் ரிபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலை. வீடு வீடாகச் செய்தித்தாள் கொண்டு போய்க் கொடுப்பது. அடுத்த வருடம் அதே கடையில் பைண்டிங் கற்றுக்கொள்ள ஏழு வருட ஒப்பந்தம். பைண்டிங்குக்கு வரும் புத்தகங்களை ஒட்டித் தைத்துக் கொடுப்பதோடு நிற்காமல் அந்தப் பையன் படிக்கவும் செய்தான். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை, ஜேன் மார்செட் என்ற பெண்மணி எளிமையாக எழுதிய வேதியியல் புத்தகம் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம்.

எங்கள் வீட்டிலும் கலைக்களஞ்சியம் உண்டு. தவணையில் வாங்கியது. அட்டைக்கு அட்டை தங்க நிறம். அன்றைக்கு அதில் 'மின்சாரம்' இருக்கிற தொகுதியைத் தேடி எடுத்துப் பிரித்தேன். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்த பக்கங்கள் 'பட்'டென்ற சத்தத்துடன் பிரிந்தன. உள்ளே எறும்பு மருந்து வாங்கிய ரசீது இருந்தது. அது மட்டும் படித்த மாதிரி தெரிந்தது.

1812இல் ஒரு வாடிக்கையாளர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் உரைகளைக் கேட்க அந்தப் பைண்டிங் பையனுக்கு டிக்கெட் கொடுக்கிறார். நாலு உரை. கேட்டதையெல்லாம் குறித்துக்கொண்டு வந்து, படம் போட்டு, அழகாகத் திருத்தி எழுதி, தன் கையாலேயே பைண்ட் செய்து டேவிக்கே அனுப்பி வைத்தார். முந்நூறு பக்கத்துக்கு மேல். கூடவே ஒரு வேலை விண்ணப்பமும்.

என் கல்லூரி நோட்டையும் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். முதல் நாலு பக்கம் அச்சடித்த மாதிரி. தலைப்புக்குச் சிவப்பு, அடிக்கோட்டுக்குப் பச்சை. ஐந்தாம் பக்கம் பாதியில் நிற்கிறது. கடைசிப் பக்கத்திலிருந்து எதிர்த்திசையில் புக் கிரிக்கெட் ஸ்கோர் வருகிறது. இரண்டும் சந்திக்கவே இல்லை. நடுவில் இருந்த வெள்ளைத்தாள்தான் நான் படித்த மின்காந்தவியல்.

டேவியிடம் முதலில் வேலை காலியில்லை. பிறகு ஆய்வகத்தில் இருந்த உதவியாளர் கைகலப்பில் இறங்கி வேலையை இழக்க, 1813 மார்ச் 1ஆம் தேதி ஃபாரடே உள்ளே போனார். வாரம் 25 ஷில்லிங், மாடியில் இரண்டு அறை, எரிக்க நிலக்கரி, மெழுகுவத்தி. அந்த வருடமே டேவி தம்பதியுடன் ஐரோப்பியப் பயணம். டேவியின் பணியாள் கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்று சொல்லிவிட, அந்த வேலையும் ஃபாரடே தலையில் விழுந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். ஒன்றரை வருடம் பொறுத்துக்கொண்டார். அந்தப் பயணத்தில்தான் பாரிசில் ஆம்பியரையும் மிலானில் வோல்டாவையும் சந்தித்தார்.

என் மேலதிகாரி ஒரு தடவை "தம்பி, அப்படியே ரெண்டு டீ சொல்லிட்டு வந்துடு" என்றார். நான் இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. ஃபாரடே எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே வோல்டாவைச் சந்தித்தார். நான் சந்தித்தது டீ மாஸ்டரை. அவரும் பழைய பாக்கியைத்தான் கேட்டார்.

இனி ஊசி விஷயத்துக்கு வருகிறேன். 1820இல் கோபன்ஹேகனில் எர்ஸ்டட், மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் திசைகாட்டி ஊசி திரும்புவதைக் கண்டு சொன்னார். மறு வருடம் செப்டம்பரில் ஃபாரடே, பாதரசத்தில் தொங்கவிட்ட ஒரு கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுற்றி ஓட வைத்தார். எங்கள் ஹால் ஃபேனின் கொள்ளுத்தாத்தா அதுதான். சந்தோஷத்தில் அவசரமாக அச்சுக்குக் கொடுத்துவிட்டார். இதே வழியில் ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருந்த வொல்லஸ்டன் என்ற பெரியவரின் பெயரைக் குறிப்பிடவில்லை. அடுத்தவன் யோசனையைத் தூக்கிவிட்டான் என்று ஊர் பேசியது. மனுஷன் நொந்துபோனார். இந்த ஒரு இடத்தில்தான் ஃபாரடேவோடு எனக்குக் கொஞ்சம் சொந்தம் ஏற்பட்டது. அவருக்கு அவசரத்தில் பெயர் விட்டுப்போனது. நான் ரெக்கார்ட் நோட்டை அப்படியே காப்பியடித்தபோது சீனியரின் பெயரும் சேர்ந்து வந்துவிட்டது.

மின்சாரத்திலிருந்து காந்தம் கிடைக்கிறதென்றால், காந்தத்திலிருந்து மின்சாரம் கிடைக்க வேண்டாமா? ஃபாரடேவைப் பத்து வருடம் அரித்த கேள்வி அது. 1824இல் முயன்றார், 1825இல் முயன்றார், 1828இல் முயன்றார். ஒவ்வொரு தடவையும் ஊசி அசையவில்லை. ஒவ்வொரு தடவையும் பலனில்லை என்று நோட்டில் எழுதினார்.

இந்த இடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். காரணம், டேன்ஜென்ட் கால்வனாமீட்டர்.

என் தலைமுறையில் யாரும் அந்தக் கருவியை மறந்திருக்க மாட்டார்கள். நிமிர்த்தி வைத்த வட்டச் சட்டம், அதில் சுற்றிய தாமிரக் கம்பி, நடுவில் காம்பஸ் பாக்ஸ். கம்பியில் கரன்ட் போனால் ஊசி விலகும். எத்தனை டிகிரி என்று பார்த்து, கம்யூட்டேட்டரைத் திருப்பி மறுபடியும் பார்த்து, பூமியின் காந்தப்புலத்தைக் கணக்கிட வேண்டும். விலகல் 30க்கும் 60க்கும் நடுவில் இருப்பது நல்லது. என் ஊசி பிராக்டிகல் அன்று எந்தக் கட்டுப்பாட்டுக்கும் அடங்கவில்லை. ரீடிங் எழுதப் பென்சில் எடுப்பேன். எழுதிவிட்டு நிமிர்ந்தால் ஊசி வேறு இடத்தில் இருக்கும். அழித்துவிட்டுப் புது ரீடிங் எழுதினால் மறுபடியும் வேறு இடம். கரன்டை நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் ஆடியது.

முக்கால் மணி நேரம் போனதும், எல்லாரும் செய்ததையே நானும் செய்தேன். விடையை முதலில் எழுதினேன். அங்கிருந்து பின்னால் நடந்து, டேன்ஜென்ட் டேபிளைப் பார்த்து, அந்த விடை வருவதற்கு ஊசி எங்கே நின்றிருக்க வேண்டுமோ அங்கே நிறுத்தினேன். எங்கள் ஊரில் இதற்கு ரீடிங் தேத்துவது என்று பெயர். தேத்துவதில் எனக்குக் கொஞ்சம் கைப்பக்குவம் போதாது. ஆறு ரீடிங்கிலும் மூன்று தசம ஸ்தானம்வரை ஒரே விடை.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பூமியே இவ்வளவு கரெக்டா இருக்காதுப்பா" என்றார். மார்க் போட்டுவிட்டார். அவருக்கு ரயிலுக்கு நேரமாகியிருந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு வந்து மேலே படித்தேன். 1831 ஆகஸ்ட் 29. மெல்லிரும்பில் ஒரு வளையம், வெளிவிட்டம் 6 அங்குலம், கனம் 7/8 அங்குலம். உறை போட்ட ஒயர் கடையில் கிடைக்காத காலம். வெறும் தாமிரக் கம்பியைச் சுற்றி, சுற்றுக்குச் சுற்று நடுவில் நூல் கொடுத்து, அடுக்குக்கு அடுக்குக் காடாத்துணி வைத்து, பைண்டிங் தெரிந்த அந்தக் கை அதைக் கட்டியது. வளையத்தின் ஒரு பாதியில் ஒரு சுருள், மறுபாதியில் இன்னொன்று. இரண்டுக்கும் ஒட்டு உறவு கிடையாது. முதல் சுருளை பேட்டரியில் இணைத்ததும், இரண்டாவது சுருளின் கம்பிக்குப் பக்கத்தில் இருந்த ஊசி ஒரு துள்ளு துள்ளி, ஆடி, பழைய இடத்துக்கே வந்து நின்றுவிட்டது. பேட்டரியைப் பிரித்தபோது மறுபடி ஒரு துள்ளல். நடுவில் கரன்ட் ஓடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க ஒன்றுமில்லை.

தொடர்ந்து ஓடுகிற மின்சாரம் வரும் என்று காத்திருந்தவருக்குக் கிடைத்தது ஒரு நொடித் துள்ளல். அதைப் பிடித்துக்கொண்டார். நானாக இருந்தால் "எவன்டா டேபிளை இடிச்சது?" என்று கேட்டிருப்பேன். கேட்டுவிட்டு, அந்தத் துள்ளலை ரப்பரால் அழித்திருப்பேன்.

அக்டோபர் 17ஆம் தேதி, காகித உருளையில் கம்பி சுற்றி அதற்குள் ஒரு காந்தத்தைச் சட்டென்று நுழைத்தார். ஊசி அசைந்தது. வெளியே இழுத்தார், எதிர்ப்பக்கம் அசைந்தது. காந்தம் சும்மா இருந்தால் ஒன்றும் வராது, நகர்ந்தால்தான் வரும். 28ஆம் தேதி ஒரு பெரிய காந்தத்தின் முனைகளுக்கு நடுவே தாமிரத் தட்டைச் சுழற்றி, நிற்காமல் ஓடும் மின்சாரத்தையும் எடுத்துவிட்டார். இன்று அணைக்கட்டிலும் அனல் மின் நிலையத்திலும் சுற்றுவதெல்லாம் அந்தத் தட்டின் பேரப்பிள்ளைகள். இரண்டே மாதத்தில் இவ்வளவும். என் வீட்டில் ஃபேன் முனகியபடி நின்றதே இரண்டு மாதம்.

ஆனால் இந்தக் கதையில் என் ஆள் ஃபாரடே அல்ல. என் ஆள் ஜெனீவாவைச் சேர்ந்த கொலாடோன்.

1825இலேயே, அதாவது ஃபாரடேவுக்கு ஆறு வருடம் முன்பே, கொலாடோன் பெரிய சுருள் ஒன்றைக் கட்டி அதற்குள் காந்தத்தை நுழைத்துப் பார்த்திருக்கிறார். ஜாக்கிரதையான மனிதர். காந்தம் பக்கத்தில் இருந்தால் கால்வனாமீட்டரின் ஊசியை அதுவே நேராக இழுத்துவிடுமே, முடிவு கெட்டுப்போகுமே என்று நீளமாகக் கம்பி இழுத்து, கால்வனாமீட்டரை வேறு அறையில் வைத்தார். காந்தத்தைச் சுருளுக்குள் விட்டார். பிறகு நடந்து போய் அடுத்த அறையில் ஊசியைப் பார்த்தார். அது தேமே என்று நின்றது. அவர் நடந்துபோன நேரத்தில் ஊசி துள்ளி, ஆடி, அடங்கி, நல்ல பிள்ளையாகத் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. அடுத்த அறையில் "சார், ஆடுது!" என்று கத்த ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால், நம் பாடப்புத்தகத்தில் கொலாடோன் விதி என்றுதான் இருந்திருக்கும். நான் அதைத்தான் தப்பாக எழுதியிருப்பேன்.

ஃபாரடேவுக்கு ஆண்டர்சன் என்று ஓர் உதவியாளர் இருந்தார், முன்னாள் ராணுவ சார்ஜென்ட். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல ஃபாரடே மறந்துவிட, விடிய விடிய அவர் உலையை எரித்துக்கொண்டே இருந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். எனக்கும் வீட்டில் இரண்டு உதவியாளர்கள் உண்டு. ஒரு ஸ்டூலைப் பிடிக்கச் சொன்னாலே ஒருத்தி போன் பேசப் போய்விடுவாள், இன்னொருத்தி நான் விழுவதை வீடியோ எடுப்பாள்.

கொலாடோன் கதையைப் படித்து முடித்தபோது மணி பன்னிரண்டரை. காந்தம் பக்கத்தில் இருந்தால் ஊசியை அதுவே இழுத்துவிடும் என்ற வரியில் கண் நின்றுவிட்டது. பிராக்டிகல் அன்று என் மேஜையில், காம்பஸ் பாக்ஸுக்கு ஒரு சாண் தள்ளி, என் பென்சில் பாக்ஸ் இருந்தது. தேர்வுக்கென்று அக்கா வாங்கிக் கொடுத்த புது பாக்ஸ். பென்சில் எடுக்க இழுப்பேன், திறப்பேன், மூடுவேன், தள்ளி வைப்பேன். 'டக்'கென்று மூடிக்கொள்ளும், அழகாக இருக்கும். அது டக்கென்று மூடிக்கொண்டதற்குக் காரணம் மூடியில் இருந்த காந்தம்.

கொலாடோன் காந்தத்துக்குப் பயந்து அடுத்த அறைக்கே போனார். நான் ஒரு காந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதற்குள்ளிருந்து ரப்பர் எடுத்து ரீடிங்கை அழித்திருக்கிறேன். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இருபத்தேழு வருடம் ஆயிற்று. மனைவியை எழுப்பிச் சொன்னேன். "காலைல சொல்லுங்க" என்றாள். காலையில் கேட்கவில்லை.

ஃபாரடே சம்பந்தப்பட்ட இன்னொரு பாவமும் என் கணக்கில் இருக்கிறது, அதையும் இப்போதே இறக்கிவைத்துவிடுகிறேன். ஹாஸ்டலில் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி அட்டையில் எழுத்துகள் எழுதி, நடுவில் நாணயம் வைத்து, நாலு பேர் விரல் வைத்து ஆவியை அழைப்போம். மின்காந்தவியல் தாளுக்கு முன்தினம், சம்பந்தப்பட்டவரையே கேட்டுவிடலாம் என்று ஃபாரடேவை அழைத்தோம். வந்தார். பத்து மார்க் கேள்வி என்ன என்று கேட்டோம். நாணயம் நகர்ந்து 'லென்ஸ் விதி' என்று காட்டியது. அதை மட்டும் படித்துக்கொண்டு போனேன். அதுதான் அந்த அரியர்.

உயிரோடு இருந்தபோது அவர் இதற்கென்றே ஒரு சோதனை செய்திருக்கிறார். 1853இல் லண்டனில் ஆவி வந்து மேஜையைச் சுழற்றுகிறது என்று ஒரே பரபரப்பு. ஃபாரடே மேஜைமேல் அட்டைகளை அடுக்கி, நடுவில் இளகிய பசையை வைத்து, எது முதலில் நகர்கிறது என்று பார்த்தார். முதலில் நகர்ந்தது கை. உட்கார்ந்திருந்தவர்கள் தங்களுக்கே தெரியாமல் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முள் ஒன்றை வைத்து, அவர்கள் தள்ளுவதை அவர்கள் கண்ணுக்கே காட்டியதும் மேஜை நின்றுவிட்டது. முடிவை 'டைம்ஸ்' பத்திரிகைக்கு எழுதி அனுப்பினார். எங்கள் நாணயத்தைத் தள்ளியவன் யார் என்று எனக்குத் தெரியும். லென்ஸ் விதி மட்டும் எனக்குக் கொஞ்சம் வரும்.

இவ்வளவு படித்த பிறகு சும்மா இருந்திருக்கலாம். எங்கள் குடியிருப்பின் செயலாளரிடம் லிஃப்டில் நாலு மாடி ஃபாரடே பேசினேன். "சார், குழந்தைகளுக்கு ஒரு அறிவியல் மாலை வெச்சிருக்கோம், நீங்களே பேசுங்க" என்றார். மாட்டிக்கொண்டேன்.

சின்ன வயதில் ஃபாரடேவுக்கு 'ர' வராது, அண்ணன் ராபர்ட்டின் பெயரைச் சொல்லவே நாக்குத் தடுமாறும் என்பார்கள். அவர்தான் பிற்காலத்தில் லண்டனின் தலைசிறந்த அறிவியல் பேச்சாளர் ஆனார். ராயல் இன்ஸ்டிடியூஷனில் வெள்ளிக்கிழமை மாலை உரைகளும் குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் உரைகளும் 1820களில் அவர் காலத்தில் தொடங்கியவை. ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டே ஆறு உரை பேசியவர். நன்றாகப் பேசுவதற்காகக் காசு கொடுத்துப் பேச்சுப் பயிற்சி எடுத்தார். வேகமாகப் பேசினால் 'மெதுவாக' என்று ஓர் அட்டை, நேரம் ஆகிவிட்டால் 'நேரம்' என்று ஓர் அட்டை, இரண்டையும் காட்ட ஆள் ஏற்பாடு செய்திருந்தார். நல்ல யோசனை என்று நானும் இரண்டு அட்டை எழுதி முன்வரிசையில் மனைவியிடம் கொடுத்தேன். நாலாவது நிமிடம் 'நேரம்' அட்டை உயர்ந்தது.

சரி, செய்முறைக்குப் போய்விடலாம் என்று பி.வி.சி. குழாய்த் துண்டில் முந்நூறு சுற்று சுற்றிய காயிலை எடுத்து வைத்தேன். மோட்டார் கட்டுகிற கடையில் வாங்கிய வைண்டிங் ஒயர். அதன் இரு முனைகளையும் மகளின் கிட்டில் இருந்த கால்வனாமீட்டரில் செருகினேன். பென்சில் பாக்ஸ் எதுவும் பக்கத்தில் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். "குழந்தைகளே, 1831ஆம் ஆண்டு உலகத்தை மாற்றிய அந்தக் கணம்" என்று சொல்லிக் காந்தத்தை உள்ளே விட்டேன்.

ஊசி அசையவில்லை.

வெளியே எடுத்து மறுபடி விட்டேன். வேகமாக விட்டேன். ஊதுபத்தி காட்டுகிற மாதிரி சுற்றிக்கூடப் பார்த்தேன். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "அங்கிள், எந்தக் கணம்?" என்றாள். 'மெதுவாக' அட்டை உயர்ந்தது.

தண்ணீர்த் தொட்டி மோட்டாரைப் பழுதுபார்க்க வந்தவர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து கம்பியின் முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "சார், இனாமலைச் சுரண்டினீங்களா?"

வைண்டிங் ஒயர் பார்வைக்கு வெறும் தாமிரம் மாதிரிதான் மின்னும். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாமல் இனாமல் பூச்சு இருக்கும். முனையில் அதைச் சுரண்டாவிட்டால் கரன்ட் வெளியே வராது. ஃபாரடே நூலும் துணியும் வைத்து நாள்கணக்கில் சிரமப்பட்டுச் செய்த உறையை, எனக்காக ஏற்கெனவே போட்டு விற்கிறார்கள். நான் செய்ய வேண்டியிருந்த ஒரே வேலை அதை அரை அங்குலம் எடுப்பது. மோட்டார்காரர் பையிலிருந்து பிளேடை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தார், முனையைத் திருகினார், காந்தத்தை உள்ளே விட்டார். ஊசி துள்ளியது. குழந்தைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். வரிசையில் வந்து ஒவ்வொருவராகக் காந்தத்தை விட்டுப் பார்த்தார்கள். எனக்கென்று வாங்கி வைத்திருந்த சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு செயலாளர் ஒரு கணம் யோசித்தார். யோசித்து, சரியான ஆளுக்குத்தான் போட்டார்.

எனக்கு இருந்த கடைசி ஆறுதல் கணக்கு. ஃபாரடேவுக்கும் உயர்கணிதம் வராது. இதை மட்டும் கல்லூரியிலேயே தெரிந்து வைத்திருந்தேன், அப்பாவிடம் மார்க் ஷீட்டோடு சேர்த்துச் சொல்லவும் செய்தேன். ஆனால் கணக்கு வராததால் அவர் காந்தத்தைச் சுற்றிய வெற்றிடத்தையே இரும்புத்தூள் காட்டும் கோடுகளாக மனசில் வரைந்துகொண்டார். விசைக்கோடுகள் என்று பெயர் வைத்தார். பல கணித மேதைகள் அதைச் சீந்தவில்லை. பிறகு மேக்ஸ்வெல் என்ற இளைஞர் அந்தக் கோடுகளைக் கணிதமாக்கிக் காட்டினார். தன் எண்ணத்தின்மேல் அவ்வளவு கணிதம் பாய்வதைப் பார்த்து முதலில் மிரண்டேபோனதாக 1857இல் மேக்ஸ்வெல்லுக்கு எழுதினார் ஃபாரடே. அதே வருடம் இன்னொரு கடிதத்தில், கணக்குப் போட்டு முடித்தபின் அதன் முடிவைச் சாதாரண மொழியிலும் சொல்லக்கூடாதா, எங்களைப் போன்றவர்களுக்கும் உதவுமே என்று கேட்டார். அறுபத்தாறு வயதில், தனக்குப் புரியவில்லை என்று இருபத்தாறு வயதுக்காரரிடம் கேட்டார். நானும் கணக்கு வராததால் ஒன்று செய்தேன். காய்கறிக்கடையில் மீதிச் சில்லறையை எண்ணாமலே வாங்கிக்கொள்கிறேன்.

அவருடைய தோல்விகள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தன. 1832 ஜனவரியில் வாட்டர்லூ பாலத்தின் மேல் 960 அடிக் கம்பியை நீட்டி, இரு முனைகளிலும் தாமிரத் தகடு கட்டித் தேம்ஸ் நதியில் இறக்கினார். பூமியும் ஒரு காந்தம், நதியும் ஓடுகிறது, அப்படியானால் நதியிலேயே மின்சாரம் வர வேண்டும் அல்லவா? மூன்று நாள் பார்த்தார். ஊசி கண்டபடி ஆடியது, ஒன்றும் தேறவில்லை. யோசனை என்னவோ சரி. இன்று குழாயில் ஓடும் தண்ணீரை அளக்கும் ஒருவகை மீட்டர் அதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. 1849இல் புவியீர்ப்புக்கும் மின்சாரத்துக்கும் உறவு இருக்கும் என்று ராயல் இன்ஸ்டிடியூஷன் அரங்கின் கூரையிலிருந்து பொருள்களைக் கீழே போட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதையே கட்டுரையாக எழுதி ராயல் சொசைட்டியில் வாசித்தார். பத்து வருடம் கழித்து ஈயக்குண்டு வார்க்கும் உயரமான கோபுரத்தில் ஏறி மறுபடியும் போட்டார். அப்போதும் ஒன்றுமில்லை.

எல்லாம் அவருடைய ஆய்வு நாட்குறிப்பில் எண் போட்டு இருக்கிறது. கடைசிப் பத்தியின் எண் 16041. ஊசி அசைந்ததும் உண்டு, அசையாததும் உண்டு. பின்னாளில் ஞாபகமறதி வந்து பாடாய்ப்படுத்தியபோது, தான் என்ன செய்தோம் என்று தெரிந்துகொள்ள அவருக்கே அந்த நோட்டுதான் துணை. ராயல் சொசைட்டியின் தலைவர் பதவி தேடி வந்தது, வேண்டாம் என்றார். 1867 ஆகஸ்ட் 25ஆம் தேதி நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார்.

என் ரெக்கார்ட் நோட்டை எடுத்து முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டேன். பதினெட்டுச் சோதனை. பதினெட்டும் வெற்றி. ஓரிடத்தில்கூட ஊசி அசையாமல் இருந்ததில்லை. அந்தக் கணக்குப்படி ஃபாரடே என்னிடம் நிற்க முடியாது.

இப்போது ஹால் ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது. கன்டென்சரை மாற்றியது மனைவி. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் வீட்டு ஃபேனும் முனகிக்கொண்டு நின்றால், மெயினை அணைத்துவிட்டுப் பழைய கன்டென்சரைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். எத்தனை எம்.எஃப்.டி. என்று அதன்மேலேயே எழுதியிருக்கும். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கடைப்பையன் கேட்டால், தயவுசெய்து காமர்ஸ் என்று சொல்லாதீர்கள். அந்தக் கடையில் அதை நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.